ஊமைச்சியைக் கடந்த பதினோரு பேர்

பதினோரு பேரைப் பனிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக அனுப்பி வைத்த அன்றைக்குத்தான் ஆவுடையப்பனிடமிருந்து பனி தோண்டும் ஷவலைப் பிடுங்கிக்கொண்டார் வடிவம்மை. யாராவது செத்திருந்தால் பிடுங்கலாம். ஒருவருக்குக் கால் சுளுக்கியிருந்தாலாவது பிடுங்கலாம். ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் எதற்குப் பிடுங்க வேண்டும்? ஆவுடையப்பன் கேட்டது இதைத்தான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், நீங்களாக இருந்தாலும் கேட்டிருப்பீர்கள்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இமயமலையில் பஸ் போய் நிற்கும் கடைசி ஊரிலிருந்து ஒரு பகல் ஏறினால் ஒரு தமிழ்ச் சத்திரம். தெற்கத்தி வியாபாரி ஒருவர் எந்தக் காலத்திலோ யாத்திரைக்காரர்களுக்காகக் கட்டி வைத்தது. அதன் வாசலில் நின்றால் எதிரே சுனையம்மன் கோயில் கொடி தெரியும். நடுவில் ஒரு மலைச்சரிவு, முழுக்கப் பனி. குறுக்கே நடந்தால் அரை மணி நேரத்தில் கோயில். நடக்கக்கூடாது என்றால் ஆற்றங்கரைக்கு இறங்கி, பள்ளத்தாக்கைச் சுற்றி, இரண்டு பகல்.

அந்தச் சரிவுக்கு ஊமைச்சி என்று பேர். மற்ற சரிவுகள் இடிந்து வருவதற்கு முன்னால் கொஞ்சமாவது முனகிக் காட்டுமாம். இவள் வாயைத் திறக்காமல் மொத்தமாக வந்து ஆளை மூடிவிடுவாள் என்று ஆடு மேய்க்கிறவர்கள் வைத்த பேர் அது.

ஊமைச்சியைக் கடக்கலாமா கூடாதா என்று சொல்கிறவர் வடிவம்மை. சத்திரத்துச் சமையல்காரரின் மகள். அங்கேயே வளர்ந்தவர், மேய்ப்பர்களோடு திரிந்து பனியைக் கற்றுக்கொண்டவர். வயது முப்பத்தெட்டு. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு. வள்ளியூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாத்திரைக்கு வந்தார். வடிவம்மை ஒரு பிடிப் பனியை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு நாற்பது பேரைத் திருப்பி அனுப்பியதைக் கண்டார். அங்கேயே தங்கிவிட்டார். மகள் வயசுக்காரியைக் குருவாக வைத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது. அதை மறுக்க முடியாது.

வடிவம்மை ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கீழே ஊருக்கு இறங்கியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து சங்கரன்கோவிலிலிருந்து பதினோரு பேர் வந்து சேர்ந்தார்கள். பருத்தி ஜின்னிங் மில்லில் மேனேஜராக இருக்கும் பரமானந்தம் என்பவர் அவர்களுக்குத் தலைவர். விடிந்ததும் ஆவுடையப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"ஓவர்சியர் அய்யா, அம்மை எப்ப வருவாகளோ தெரியல. நாளைக்கழிச்சு ராத்திரி எங்களுக்கு ரயிலு. அஞ்சு வருஷமா கூடவே இருக்கீக, நீங்க பாத்துச் சொல்லப்பிடாதா?"

சொல்லலாமே என்று தோன்றியது ஆவுடையப்பனுக்கு.

பனியைப் பார்ப்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழியின் ஓரத்தில் ஷவல் அகலத்துக்கு ஒரு பனித்தூணைச் செதுக்க வேண்டும். தூணின் தலையில் ஷவலை வைத்து மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்து அடி. எத்தனையாவது தட்டில் உள்ளே அடுக்கு நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். முப்பதுக்கும் தூண் அசையாமல் நின்றால் கவலையில்லை.

ஆவுடையப்பன் தோண்டினார். செதுக்கினார். முப்பதும் தட்டினார். தூண் அசையவில்லை.

"இரும்பு மாதிரி இருக்கு. தாராளமா போங்க" என்றார்.

அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கம் பதினோரு தலைகளும் கரையேறியதை அவரே எண்ணிப் பார்த்தார். ராத்திரி கோயில் கொட்டகையில் தங்கி, மறுநாள் காலையில் அதே வழியில் திரும்புவதாக ஏற்பாடு.

இருட்டோடு ஏறத் தொடங்கிய வடிவம்மை மத்தியானம் வந்து சேர்ந்தார். ஒரு கன்னம் வீங்கி, வாய்க்குள் பஞ்சு. ஊமைச்சியின் மேல் புதிதாக ஒரு தடம் ஓடுவதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டார்.

"யாரு போனது?"

"சங்கரன்கோவில் ஆளுக, அம்மை. பதினோரு பேரு. சுகமா போய்ச் சேந்துட்டாக. நான்தான் பாத்து அனுப்பினேன்."

"எங்க தோண்டினீங்க, அண்ணாச்சி?"

"அடுப்படிக்குப் பின்னால."

அம்மை நடந்துபோய் அந்தக் குழியைப் பார்த்தார். குனிந்து ஷவலை எடுத்துக்கொண்டார். தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார்.

ஆவுடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? சமையல் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த மனுஷன். அவர் சொன்னால் ரோடு போட்டார்கள், அவர் சொன்னால் பாலத்துக்கு அஸ்திவாரம் எடுத்தார்கள். கதவைத் தட்டினார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டு ஷவலை வச்சுக்கோங்க. முப்பது தட்டும் தாங்குச்சு, தெரியுமா?"

கதவு திறந்தது.

"தாங்கும்" என்றார் அம்மை. "குளிர்காலம் பூரா ஆள் மிதிச்ச இடம். மிதிச்ச பனி இறுகித்தான் கிடக்கும். அவங்க அடுப்படி மேலயா நடந்து போனாங்க?"

"ஒரே மலை, ஒரே பனிதானே! நான் எத்தனை குழி தோண்டி மண்ணு பாத்திருக்கேன். நூறு அடி தள்ளித் தோண்டினாலும் அதே மண்ணுதான் வரும்."

"மண்ணு வரும். பனி வராது."

"ஊமைச்சி மாதிரியே வடக்கே பாத்த குட்டிச் சரிவுல தோண்டணும்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. முழங்கால் புதையப் பனி, அங்க போக முக்கால் மணி நேரம் ஆவும். அவுக அவசரப்படுத்தினாக. சரி, ஒத்துக்கிடுதேன், அங்க போகல. ஆனா போனவுக போய்ச் சேந்துட்டாகளா இல்லியா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"நாளைக்குத் திரும்பி வரணும், அண்ணாச்சி" என்றார் அம்மை. பல் வலியில் அதற்கு மேல் பேசவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்கி டாக்கியில் பேசுவது வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் ஒன்று, சத்திரத்தில் ஒன்று. ஆவுடையப்பன் எடுத்ததுமே பரமானந்தத்தின் குரல் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஓவர்சியர் அய்யா! உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்! தரிசனம் அப்படி ஒரு தரிசனம்! இன்னொரு அதிசயம் கேளுங்க. பாதி வழியில ஊமைச்சியே வாயைத் திறந்துட்டா!"

"என்னது?"

"ஆமாங்கேன்! காலுக்கு அடியில 'தும்'முன்னு ஒரு சத்தம். தூரத்துல அரிசி மூட்டையைத் தொப்புன்னு போட்ட மாதிரி. பனியே ஒரு விரக்கடை கீழ உக்காந்துச்சு. நீளமா ஒரு கோடு விட்டுச்சு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். அம்மனே வந்துட்டான்னு செண்பகவல்லி அக்காவுக்கு அருள் வந்து, அந்த இடத்துலயே குதிச்சு ஆடிட்டாக!"

ஆவுடையப்பன் பெருமையாகத் திரும்பி அம்மையைப் பார்த்தார். அம்மை தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அதைக் குடுங்க" என்று கையை நீட்டி வாங்கினார். "வடிவு பேசுறேன். நாளைக்கு அது மேல வராதீங்க. ஆத்து வழியா சுத்தி வாங்க."

"அம்மையா? கும்பிடுதேன் அம்மை. சுத்தி வந்தா ரெண்டு நாளு, எங்க ரயிலு போயிரும். பதினோரு டிக்கெட்டு. அம்மனே குரல் குடுத்து வழி விட்ட பெறவு என்ன பயம்?"

"அது வழி விட்ட சத்தம் இல்ல. உள்ள அடுக்கு உடையிற சத்தம்."

பரமானந்தம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக. காலையில நீங்க இல்ல. எங்களுக்குச் சோதிச்சு அனுப்பினது ஓவர்சியர் அய்யா. அவரு சொன்னாரு, அப்படியே நடந்துச்சு. அவரு வரப்பிடாதுன்னு சொல்லட்டும், கேக்கோம்."

ஆவுடையப்பன் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுந்ததே தப்புத்தான், ஆனால் எழுந்தது. பார்த்தீரா, என் சொல்லுக்கு என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

"காலையில பாத்துச் சொல்லுதேன், பரமானந்தம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விடியற்காலையில் அம்மை ஷவலும் வாக்கி டாக்கியுமாகக் கிளம்பினார். "வாங்க" என்றார். முழங்கால் புதைய இரண்டு பேரும் நடந்தார்கள். ஆவுடையப்பன் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனார். நன்றி கெட்ட உலகம் என்றார். பதினோரு பேர் வாழ்த்துகிறார்கள், ஒரு ஆளுக்கு மட்டும் வயிற்றெரிச்சல் என்றார். காதில் விழட்டும் என்றே சொன்னார். அம்மை திரும்பவில்லை.

குட்டிச் சரிவு சின்னது, விழுந்தாலும் ஆளை மூடாது. ஆனால் ஊமைச்சியைப் போலவே வடக்கு பார்த்தது, அதே காற்று, அதே நிழல். மனுஷக் கால் படாதது. அம்மை குழி தோண்டித் தூணைச் செதுக்கினார். ஷவலைத் தலையில் வைத்தார்.

"தட்டுங்க. மணிக்கட்டால."

ஆவுடையப்பன் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"நிறுத்துங்க. தூண் நிக்குதா?"

"நிக்குது."

"உறுதியா?"

"உறுதிதான். கண்ணு தெரியலையா? நாலு தட்டியாச்சு."

"இன்னொண்ணு தட்டுங்க."

தட்டினார். மேல்பாளம் மொத்தமாக நழுவி அவர் மடியில் வந்து விழுந்தது. கனம் தாங்காமல் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பாளம் இருந்த இடத்தில் கையை வைத்தார். உள்ளே பனி ரவையாகக் கிடந்தது. பிடித்தால் ஒட்டவில்லை, விரலிடுக்கில் வழிந்து ஓடியது.

"கார்த்திகையில பெஞ்ச பனி" என்றார் அம்மை. "அப்புறம் ஒரு மாசம் பெய்யல. குளிர்ல காஞ்சு ரவையாயிருச்சு. அது மேல இத்தனையும் உக்காந்திருக்கு."

ஆவுடையப்பன் உடம்பைத் தட்டிவிட்டு எழுந்தார். கோபம் போகவில்லை. தப்பு தெரியத் தெரியத்தானே மனுஷனுக்குக் கோபம் கூடும்.

"சரி, ரவைதான். நான் ஒத்துக்கிடுதேன். ஆனா பதினோரு பேரு மூட்டை முடிச்சோட இது மேல போனாகளே! ஒரு அம்மா குதிச்சு வேற ஆடினாகளே! விழலையே! அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"இதுவும் நாலு தட்டுக்கு விழல."

ஆவுடையப்பன் குனிந்து, உடைந்து கிடந்த பாளத்தைப் பார்த்தார்.

"அவங்க பதினோரு பேரு போனது எத்தனையாவது தட்டு? உங்களுக்குத் தெரியுமா, அண்ணாச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. நான் தெரியாதுன்னு சொல்றேன். நீங்க இரும்புன்னு சொல்லிட்டீங்க."

எதிர்ப்பக்கம் கோயில் மேட்டில் புள்ளிகள் அசைந்தன. கம்பளிக் குல்லாய்கள். ஊமைச்சியின் ஓரத்தை நோக்கி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அம்மை வாக்கி டாக்கியை நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன்.

"நான் சொல்லிப் பாத்தாச்சு."

வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"பரமானந்தம், ஓவர்சியர் பேசுதேன். இன்னைக்கு வேண்டாம். நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரியில கொஞ்சம் இளகியிருக்கு. அதனால சுத்தி வந்துருங்க."

"அதுக்குத்தானய்யா வெள்ளெனக் கிளம்பிட்டோம்!" என்றது குரல், உற்சாகமாக. "வெயில் ஏறுமுன்ன, பனி இறுக்கமா இருக்கும்போதே வந்துருதோம். இப்ப காலை வச்சா அரை மணியில உங்க பக்கத்துல நிப்போம். சுக்குக் காப்பி போட்டு வைக்கச் சொல்லுங்க!"

புள்ளிகள் நிற்கவில்லை. ஆவுடையப்பன் அம்மையைப் பார்த்தார். அம்மைக்குக் கோபம் வந்து அவர் அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" பஞ்சை வாயிலிருந்து எடுத்து எறிந்தார் அம்மை. "இளகியிருக்குன்னா இறுகினதும் வருவாங்க. உங்க மரியாதைக்கு ஒரு பங்கம் வரக்கூடாது, அவங்க உசிரு போனாலும் போகட்டும், அப்படித்தானே? இந்த ஷவலால ஆளைத் தோண்டி எடுத்திருக்கேன், அண்ணாச்சி. நாலு பேரை எடுத்திருக்கேன். வாய்க்குள்ள பனி கட்டியா அடைச்சிருக்கும், விரலை விட்டுத்தான் எடுக்கணும். இன்னைக்குப் பதினொண்ணு எடுக்க என்னால ஆகாது. நீங்க எடுப்பீங்களா?"

முதல் புள்ளி ஊமைச்சியின் வெள்ளைக்கு வந்துவிட்டது.

ஆவுடையப்பன் வாக்கி டாக்கியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். பொத்தானை அழுத்தினார். அப்புறம் பேசியது அவருடைய குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"பரமானந்தம், நில்லும்! ஒரு அடி எடுத்து வைக்காதேயும்! நான் பாக்கல. ஊமைச்சியை நான் பாக்கவே இல்ல. அடுப்படிக்குப் பின்னால, ஆளு மிதிச்ச இடத்துல தோண்டிப் பாத்துட்டு இரும்புன்னு சொன்னேன். பனியில நடந்தா முழங்கால் வலிக்கும்னு போகல. அம்மை இல்லாத நேரத்துல நானும் ஒரு ஆளுன்னு காட்டணும்னு ஆசை. கண்ணை மூடிக்கிட்டுத்தான் உங்களை அனுப்பினேன். நீங்க தப்பிச்சது என்னால இல்ல. இப்பத்தான் சரியான இடத்துல பாக்கேன். அஞ்சு தட்டுல உடைஞ்சு போச்சு. பின்னால போங்க!"

வாக்கி டாக்கி இரைந்தது. முதல் புள்ளி வெள்ளையில் அப்படியே நின்றது.

"அடப் பாவி மனுஷா!" என்றார் பரமானந்தம்.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் இங்கே எழுதத் தக்கதல்ல. சங்கரன்கோவில்காரர்கள் வைய ஆரம்பித்தால் தாராளமாக வைவார்கள். வைது முடித்துவிட்டுப் பதினோரு புள்ளிகளும் திரும்பின. மேட்டில் ஏறி, மறுபக்கம் ஆற்றை நோக்கி இறங்கி மறைந்தன.

அதற்குப் பிந்தைய இரண்டு நாளும் ஆவுடையப்பன் ஒரு வேலையும் பார்க்கவில்லை. வாசலில் நின்று ஊமைச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விழுந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். இப்போது அதன் மேல் ஆள் இல்லை, விழுந்தால் யாருக்கும் சேதமில்லை. விழுந்துவிட்டால் பரமானந்தம் வந்து காலில் விழுவார், அம்மையும் ஒரு வார்த்தை சொல்வார். முதல் நாள் வெயில் அடித்தது. ஊமைச்சி அசையவில்லை. இரண்டாம் நாள் காற்று அடித்தது. அப்போதும் அசையவில்லை. பழைய தடம்கூட அழியாமல் அவளுடைய மார்பில் கோடாகக் கிடந்தது.

இரண்டாம் நாள் மூன்று மணி சுமாருக்கு ஆற்றுப் பக்கமிருந்து ஆட்கள் ஏறி வருவது தெரிந்தது. மிச்ச மூட்டைகளும், கீழே ஊரில் விட்டு வந்த வாடகை வண்டியின் சாவியும் சத்திரத்தில்தான் இருந்தன, இங்கே வராமல் போக முடியாது. ஆவுடையப்பன் மெதுவாக உள்ளே நழுவப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வாசல்ல நில்லுங்க" என்றார் அம்மை. "வர்றவங்களுக்குச் சுடுதண்ணி குடுங்க."

"என்னை அவமானப்படுத்தணும்னே சொல்லுதீங்களா?"

"அவங்க காலெல்லாம் கொப்பளிச்சிருக்கும்."

செம்பும் அண்டாவுமாகப் போய் நின்றார். முதலில் வந்தவர் பரமானந்தம். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தண்ணீரை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டே ஊமைச்சியைக் காட்டினார்.

"ஓவர்சியர் அய்யா, அதைக் கொஞ்சம் பாரும். அங்கயே நிக்குதா இல்லியா? ஒரு பிடி உதுந்துச்சா? முதல்ல போகச் சொன்னீரு, அது பொய்யின்னீரு. பெறவு வராதேன்னீரு, அதுவும் பொய்யாப் போச்சு. எங்களை என்ன பொம்மைன்னு நினைச்சீரா? ரயிலு போச்சு!"

அவருக்குப் பின்னால் செண்பகவல்லி. மகளுக்கு எட்டு வருஷத்துக்குப் பிறகு பிள்ளை பிறந்த நேர்த்திக்காக வந்தவர். "கோயில் பிரசாதம் எல்லாருக்கும் வச்சிருக்கேன், உமக்குக் கிடையாது" என்றார். "அம்மன் குரல் குடுத்தான்னு சந்தோஷமா ஆடினேனே, அதையும் கெடுத்துப் போட்டீரு."

வசவு அவர்கள் இரண்டு பேரோடு நிற்கவில்லை. ஒரு வாத்தியார் வந்தார், இப்படிப்பட்ட ஆளெல்லாம் பாலம் கட்டித்தான் நாடு உருப்படாமல் போனது என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். வெடவெடவென்று ஒரு கிழவர் கைத்தடியை ஓங்கிவிட்டார். புதுசாய்க் கல்யாணமான பெண் ஒருத்தி, தலையைக் குனிந்தவாறே வந்தவள், பக்கத்தில் வந்ததும் "ஒங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் ஒவ்வொருவருக்கும் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களும் வைதார்கள், வாங்காதவரும் வைதார்.

ஒரு மணி நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவுடையப்பன் செம்பை அண்டாவுக்குள் எறிந்தார். விடுவிடுவென்று அம்மை இருந்த இடத்துக்குப் போனார். அம்மை அடுப்படி வாசலில் நின்று கீழே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க, அம்மை! பொய்யா அனுப்பினப்போ விழல. என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாக. உண்மையைச் சொல்லி நிறுத்தினேன், அப்பவும் விழல. நாயை விரட்டுத மாதிரி விரட்டிட்டுப் போறாக. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அரை மணியில வந்திருப்பாக, காப்பி குடிச்சிருப்பாக, ரயிலையும் பிடிச்சிருப்பாக. ஒரு கோட்டிக்காரன் மாதிரி நின்னேனே! எது சரி, எது தப்பு? இதையாவது சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"ரொம்பத் திட்டினாங்களா?"

"திட்டினாங்களாவா? காது ரெண்டும் எரியுது!"

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்! ஒரு ஆளு விடல."

"அந்தப் புதுப் பொண்ணு? பேசாத பொண்ணு மாதிரி இருந்துச்சே."

"அந்தப் பிள்ளையும் கேட்டுட்டுத்தான் போச்சு, மனசாட்சி இருக்கான்னு!"

"கடைசியா நொண்டிக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, அவரு?"

"அவரா? செம்பையே தட்டி விட்டாரு! எண்ணிக்கிட்டேதான் நின்னேன், அம்மை. ஒண்ணு ரெண்டு இல்ல. பதினோரு பேரு! பதினோரு பேரும் என் மூஞ்சிக்கு நேரா நின்னு..."

ஆவுடையப்பன் பாதியில் நிறுத்தினார்.

கீழே வளைவில் பரமானந்தம் இன்னும் வைதுகொண்டு போவது காற்றில் லேசாகக் கேட்டது.

"பதினோரு பேரைத்தானே, அண்ணாச்சி, அனுப்பினோம்?" என்றார் அம்மை.